ஆர், எஸ், ஈ, இசட்: புறவெளி மாற்றியங்களைக் கண்டுபிடித்துப் பெயரிடப் பழகுவது

பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. வேதியியலில் சேரும் பிள்ளைகள் முதல் வருடத்திலேயே முட்டிக்கொள்ளும் பாடம் புறவெளி மாற்றியம். அணுக்கள் ஒரே மாதிரி இணைந்திருந்தும் முப்பரிமாணத்தில் வேறு விதமாக நிற்கும் மூலக்கூறுகள் இவை; எது எந்த விதம் என்று காட்டப் பெயருக்கு முன்னால் போடும் எழுத்துகள்தான் ஆர், எஸ், ஈ, இசட். சேலத்தில் டியூஷனுக்கு வருகிறவர்கள் சொல்லும் குறை அநேகமாக ஒன்றுதான்: "சார், எவ்வளவு திருப்பிப் பார்த்தாலும் ஆர் வர வேண்டிய இடத்துல எஸ் வருது." தாளை வாங்கிப் பார்த்தால் சுற்றிய திசை சரியாகவே இருக்கும், தொகுதிகளுக்கு 1, 2, 3, 4 என்று போட்ட வரிசை தப்பாக இருக்கும். அதனால் இங்கே வரிசை போடுவதற்குத்தான் அதிக இடம். மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் செய்கிற சில்லறை வேலை.

உதாரணங்களை செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையிலும் ஏற்காட்டுத் தோட்டத்திலும் கிடைப்பவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன்: புளி, மிளகு, ஆரஞ்சு, ஜவ்வரிசி, காபி. தேர்வில் குறியீடுகளை ஆங்கில எழுத்தில்தான் போட வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை எழுதுகிறேன்.

முதலில், இது புறவெளி மாற்றியம்தானா?

இரண்டு படம் கொடுத்து "இவை என்ன உறவு?" என்று கேட்டால் உடனே ஆர், எஸ் தேடக் கூடாது. மூலக்கூறு வாய்ப்பாடு ஒன்றா என்று எண்ணுங்கள். ஒன்றென்றால், ஆர், எஸ், ஈ, இசட் எதுவும் போடாமல் இரண்டுக்கும் ஐயுபேக் பெயர் (உலக வேதியியல் சங்கத்தின் விதிப்படியான பெயர்) எழுதுங்கள். பெயர் வேறு வேறாக வந்தால் அது அமைப்பு மாற்றியம். பியூட்டன்-1-ஆலும் பியூட்டன்-2-ஆலும் அப்படி. வேலை அங்கேயே முடிந்தது. பெயர் ஒன்றாக வந்து, படங்கள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தவில்லை என்றால்தான் புறவெளி மாற்றியம்.

ஒற்றைப் பிணைப்பைச் சுழற்றினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும் என்றால் அது வச அமைப்பு. அதற்கு இந்த எழுத்துகள் எதுவும் தேவைப்படாது.

எங்கே தேடுவது?

இரண்டு வகை இடங்களைத் தேடினால் கல்லூரிப் பாடத்தில் வருவதெல்லாம் கிட்டத்தட்ட அடங்கிவிடும். ஒன்று, நான்கு வேறுபட்ட தொகுதிகள் இணைந்த கார்பன் (சீர்மையற்ற கார்பன், சுருக்கமாக மையம்). மற்றொன்று, இரு முனையிலும் வேறுபட்ட தொகுதிகளைக் கொண்ட இரட்டைப் பிணைப்பு.

முதல் வகையைக் கண்டுபிடிக்கக் கழித்துக்கொண்டே வருவது சுலபம். மெத்தில் கார்பன், இரண்டு ஹைட்ரஜன் உள்ள கார்பன், இரட்டை அல்லது மும்மைப் பிணைப்பில் உள்ள கார்பன் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிடுங்கள். மிச்சம் நிற்பவற்றை மட்டும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். கோட்டு வரைபடத்தில் ஒவ்வொரு முனையும் ஒரு கார்பன், ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியாது. மூன்று கோடு சந்திக்கும் முனையில், இரட்டைக் கோடு எதுவும் இல்லையென்றால், நான்காவதாக ஒரு ஹைட்ரஜன் ஒளிந்திருக்கிறது.

வளையம் வந்தால் தடுமாற வேண்டாம். ஆரஞ்சுத் தோலை மடக்கிப் பிழிந்தால் தெறிக்கும் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். ஆறு கார்பன் வளையம். கார்பன் 1-இல் மெத்தில், 1-க்கும் 2-க்கும் இடையே இரட்டைப் பிணைப்பு, கார்பன் 4-இல் ஐசோபுரோப்பினைல் (இரட்டைப் பிணைப்புள்ள மூன்று கார்பன் தொகுதி). கழித்துப் பார்த்தால் கார்பன் 4 மட்டும் மிஞ்சும். அதிலிருந்து வளையத்தில் இடப்பக்கமாக ஒரு நடை, வலப்பக்கமாக ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒரு வழியில் இரண்டாவது அடியிலேயே இரட்டைப் பிணைப்பு வருகிறது, மற்ற வழியில் வரவில்லை. ஆக இரண்டு வழியும் வேறு. ஒரு பக்க வளையம், மறுபக்க வளையம், ஐசோபுரோப்பினைல், ஹைட்ரஜன் என்று நான்கும் வேறு. கார்பன் 4 சீர்மையற்ற கார்பன்.

அதே லிமோனீனில் இரண்டு இரட்டைப் பிணைப்பு உண்டு. இரண்டுக்கும் ஈ, இசட் கிடையாது. வெளியே இருப்பதன் ஒரு முனையில் இரண்டு ஹைட்ரஜன். வளையத்துக்குள் இருப்பது வேறு விதமாக இருக்கவே முடியாது; எட்டுக்கும் குறைவான அணுக்கள் கொண்ட வளையத்தில் இரட்டைப் பிணைப்புக்கு இந்த எழுத்தைப் போடுவதில்லை.

ஏற்காட்டுக் காபியின் கஃபீனை இதே மாதிரி கழித்துப் பாருங்கள். ஒரு கார்பன்கூட மிஞ்சாது. இப்படி "இல்லை" என்று சொல்ல வேண்டிய கேள்விகளும் தேர்வில் வரும், பயப்படாமல் "இல்லை" என்று எழுதுங்கள்.

இடங்கள் எத்தனை என்று எண்ணியதும் 2-இன் அடுக்காக அதை எழுதினால் மாற்றியங்களின் உச்ச வரம்பு கிடைக்கும். உச்ச வரம்புதான், உண்மையில் குறையலாம் என்பதைப் புளி வரும்போது பார்ப்போம்.

வரிசை போடுவது

கான், இங்கோல்டு, பிரலாக் என்ற மூன்று பேரின் பெயரால் இந்த விதிகள் வழங்குகின்றன. மூவரும் சேர்ந்து இதை விரிவாக வெளியிட்டது 1966-இல். விதி ஒரே வரி: நடுக் கார்பனோடு நேராக ஒட்டியிருக்கும் அணுவைப் பார், அணு எண் பெரியது முதலில். அயோடின், புரோமின், குளோரின், கந்தகம், ஃபுளோரின், ஆக்சிஜன், நைட்ரஜன், கார்பன், ஹைட்ரஜன். இந்த இறங்குவரிசையை மனப்பாடமே செய்துவிடுங்கள். ஐசோடோப்பு என்றால் நிறை அதிகமானது முந்தும். டியூட்டீரியம் சாதாரண ஹைட்ரஜனை முந்தும்.

வம்பு தொடங்குவது இரண்டு தொகுதிகளும் கார்பனில் தொடங்கும்போது. அப்போது ஒவ்வொரு கார்பனுக்கும் பக்கத்தில் அது வேறு எந்த மூன்று அணுக்களோடு சேர்ந்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். மனதுக்குள் வேண்டாம், தாளில் எழுதுங்கள். பிறகு முதலாவதை முதலாவதோடு, இரண்டாவதை இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். எங்கே முதல் வித்தியாசம் வருகிறதோ அங்கேயே தீர்ப்பு. அதற்கப்புறம் என்ன இருந்தாலும் பொருட்டில்லை.

மூவிணைய பியூட்டைல் பெரிய தொகுதி. ஹைட்ராக்சிமெத்தில் சின்னது. பிள்ளைகள் பெரியதை முதலில் போட்டுவிடுவார்கள். எழுதிப் பாருங்கள்: பியூட்டைலில் (கார்பன், கார்பன், கார்பன்), ஹைட்ராக்சிமெத்திலில் (ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன்). முதல் இடத்திலேயே ஆக்சிஜன் கார்பனை முந்திவிட்டது. ஹைட்ராக்சிமெத்தில்தான் மேலே. இதே கணக்கில் குளோரோமெத்தில், கார்பாக்சிலிக் அமிலத் தொகுதியையே முந்தும்: ஒரு குளோரின் மூன்று ஆக்சிஜனுக்கு மேல். அணு எண்களைக் கூட்டிப் பார்த்து "அங்கே மூன்று ஆக்சிஜன், 24 ஆச்சே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. கூட்டல் இந்த விதியில் எங்குமே இல்லை.

மூன்று ஆக்சிஜன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். கார்பாக்சில் கார்பனில் இருப்பது இரண்டு ஆக்சிஜன்தான். ஆனால் இரட்டைப் பிணைப்பில் உள்ள அணுவை இரண்டு தடவை எண்ண வேண்டும், மும்மைப் பிணைப்பு என்றால் மூன்று தடவை. ஆகவே கார்பாக்சில் (ஆக்சிஜன், ஆக்சிஜன், ஆக்சிஜன்), ஆல்டிஹைடு (ஆக்சிஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன்), ஹைட்ராக்சிமெத்தில் (ஆக்சிஜன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன்). மேலிருந்து கீழாக இதே வரிசை. சர்க்கரைகளுக்குப் பெயர் வைக்க இந்த மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அடைப்புக்குறியும் சமமாக இருந்தால் இன்னும் ஓர் அடி வெளியே போக வேண்டும். லிமோனீனின் கார்பன் 4-க்குத் திரும்புங்கள். ஐசோபுரோப்பினைல் (கார்பன், கார்பன், கார்பன்), அது முதலிடம். கார்பன் 3, கார்பன் 5 இரண்டும் (கார்பன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன்), சமம். அடுத்த அடி: கார்பன் 3-ஐத் தாண்டினால் கார்பன் 2, அது இரட்டைப் பிணைப்பில் இருப்பதால் (கார்பன், கார்பன், ஹைட்ரஜன்). கார்பன் 5-ஐத் தாண்டினால் கார்பன் 6, (கார்பன், ஹைட்ரஜன், ஹைட்ரஜன்). ஆகவே கார்பன் 3 பக்கம் இரண்டாமிடம், கார்பன் 5 பக்கம் மூன்றாமிடம், ஹைட்ரஜன் கடைசி. இந்த ஒரு கணக்கைப் பார்க்காமல் எழுத முடிந்தால் வரிசை போடும் கலை கைக்கு வந்துவிட்டது என்று தைரியமாக இருக்கலாம்.

எந்தப் பக்கமிருந்து பார்ப்பது?

வரிசை சரியாக வந்தபின் விதி எளிது: 4-ஆம் தொகுதியை உங்களுக்கு எதிர்ப்புறம் தள்ளிவிட்டு, 1, 2, 3 எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கடிகார முள் போகும் பக்கம் என்றால் ஆர். எதிர்ப்பக்கம் என்றால் எஸ்.

4-ஆம் தொகுதி உங்களைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால்? ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது வலப்பக்கம் ஒடிக்கிற வளைவை இறங்கும்போது இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். ரோடு அதேதான், நீங்கள் வருகிற திசை மாறிவிட்டது. மூலக்கூறும் அப்படியே. தப்பான பக்கமிருந்து பார்த்தாலும் கிடைத்த விடையைத் தலைகீழாக்கினால் சரியாகிவிடும். ஹைட்ரஜன் புள்ளிக்கோட்டில் (தாளுக்குப் பின்னே போவது) இருந்தால் விடையை அப்படியே எழுதுங்கள். ஆப்புக் கோட்டில் (உங்களை நோக்கி வருவது) இருந்தால் மாற்றி எழுதுங்கள்.

ஹைட்ரஜன் தாளின் தளத்திலேயே, சாதாரணக் கோட்டில் இருந்தால்தான் சிரமம். அப்போது ஒரு குறுக்கு வழி: எந்த இரண்டு தொகுதிகளை இடம் மாற்றினாலும் ஆர் எஸ் ஆகும், எஸ் ஆர் ஆகும். ஆகவே ஹைட்ரஜனையும் புள்ளிக்கோட்டில் உள்ள தொகுதியையும் இடம் மாற்றி வரைந்து, வந்த விடையை மாற்றிப் போடுங்கள்.

பிஷர் படத்தில் (மையத்தைச் சிலுவைபோல் வரையும் படம்) படுக்கைக் கோடுகள் உங்களை நோக்கி வருகின்றன, நெடுக்குக் கோடுகள் பின்னே போகின்றன. ஹைட்ரஜன் அநேகமாகப் படுக்கைக் கோட்டில்தான் இருக்கும். அதனால் அநேகமாக விடையை மாற்ற வேண்டியிருக்கும். லாக்டிக் அமிலத்தை வரைந்து பாருங்கள்: மேலே கார்பாக்சில், கீழே மெத்தில், இடப்பக்கம் ஹைட்ராக்சில், வலப்பக்கம் ஹைட்ரஜன். வரிசை ஹைட்ராக்சில், கார்பாக்சில், மெத்தில். இடமிருந்து மேல், மேலிருந்து கீழ்: கடிகார முள் திசை. ஹைட்ரஜன் படுக்கைக் கோட்டில், எனவே மாற்று. விடை எஸ்.

கண்ணுக்கு இது பிடிபடாதவர்கள் மாதிரி செய்து பாருங்கள். கடையில் விற்கிற பிளாஸ்டிக் பெட்டி வேண்டியதில்லை. களிமண் உருண்டை, நான்கு ஈர்க்குச்சி. மூன்று குச்சி நுனியில் புளியங்கொட்டை, பஞ்சு, ஊறிய ஜவ்வரிசி என்று எதையாவது செருகுங்கள். நான்காவதை வெறுமனே விடுங்கள், அது ஹைட்ரஜன். குச்சிகள் நான்முகியின் முனைகளை நோக்கி, எல்லாக் கோணமும் ஏறத்தாழ 109 டிகிரி இருக்கும்படி பரவட்டும். வெறுங்குச்சியைக் கையில் பிடித்து மற்ற மூன்றும் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வைத்தால் விதி கேட்கிற பார்வை அதுவே. நான் டியூஷனில் தேர்வுக்கு முந்தின வாரம்கூட இதைச் செய்ய வைப்பேன். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

மிளகும் இரட்டைப் பிணைப்பும்

ஈ, இசட் போடுவதற்குப் புதிய விதி எதுவும் இல்லை. இரட்டைப் பிணைப்பின் இரு முனைகளிலும் தனித்தனியாக மேலே சொன்ன வரிசையைப் போட்டு, இரு முனைகளின் பெரியவையும் ஒரே பக்கம் என்றால் இசட், எதிரெதிர்ப் பக்கம் என்றால் ஈ. எதிருக்கு ஈ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஸ் (ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிர்ப்பக்கம்) என்ற பழைய பெயர்கள் போதாதா என்றால், இரு முனையிலும் ஒரு ஹைட்ரஜன் இருக்கும் வரை போதும். 1-புரோமோ-1,2-டைகுளோரோ ஈத்தீனை எடுங்கள். இரண்டு குளோரினும் எதிரெதிரே இருக்கும் படத்தை டிரான்ஸ் என்று சொல்லத் தோன்றும். ஆனால் முதல் கார்பனில் பெரியது புரோமின், இரண்டாவதில் பெரியது குளோரின். அவை இரண்டும் ஒரே பக்கம். ஆகவே இசட். சிஸ் என்றால் இசட், டிரான்ஸ் என்றால் ஈ என்று கண்ணை மூடி மாற்றி எழுதுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான்.

ஏற்காடு இருக்கும் ஷெவராய் மலைத் தோட்டங்களில் நிழல் மரங்களில் ஏறும் மிளகுக்கொடியின் காரம் பைப்பரின். ஓர்ஸ்டெட் இதை 1819-இல் பிரித்தெடுத்தார். மறு வருடம் மின்னோட்டம் காந்த ஊசியை அசைப்பதைக் கண்டு பேர் வாங்கிய அதே ஓர்ஸ்டெட். ஐந்து கார்பன் சங்கிலியில் 2-க்கும் 3-க்கும் இடையே ஒன்று, 4-க்கும் 5-க்கும் இடையே ஒன்று என இரண்டு இரட்டைப் பிணைப்பு. நான்கு மாற்றியங்கள் சாத்தியம், நான்குக்கும் தனிப் பெயர் உண்டு. (2ஈ,4ஈ) பைப்பரின், (2இசட்,4ஈ) ஐசோபைப்பரின், (2ஈ,4இசட்) ஐசோசாவிசின், (2இசட்,4இசட்) சாவிசின். காரம் முக்கியமாகப் பைப்பரினுக்குத்தான். வெளிச்சம் பட்டால் அது மற்ற மூன்றாக மாறத் தொடங்கும், காரமும் குறையும். மிளகுத்தூளைக் கண்ணாடி ஜாடியில் ஜன்னலோரம் வைக்காமலிருக்க இது ஒரு வேதியியல் காரணம்.

புளி: இரண்டு மையம் வந்தால்

புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். நான்கு கார்பன், இரு முனையிலும் கார்பாக்சில், நடுவில் இரண்டு சீர்மையற்ற கார்பன்கள். 2-இன் அடுக்கு 2, நான்கு மாற்றியம் என்று எதிர்பார்ப்போம். (2ஆர்,3ஆர்), (2எஸ்,3எஸ்), (2ஆர்,3எஸ்), (2எஸ்,3ஆர்). கடைசி இரண்டையும் வரைந்து ஒன்றை 180 டிகிரி திருப்புங்கள், இரண்டும் ஒன்றே. நடுவில் ஒரு கோடு போட்டால் மேல்பாதி கீழ்ப்பாதியின் ஆடி பிம்பம். இதுதான் மீசோ வடிவம். மையங்கள் இருந்தும் ஒளியைச் சுழற்றாது. ஆக மொத்தம் மூன்றுதான். புளியில் இருப்பது (2ஆர்,3ஆர்).

உறவு கேட்டால் எழுத்துகளை மட்டும் பாருங்கள். எல்லா மையத்திலும் எழுத்து தலைகீழானால் இனன்சியோமர்கள் (ஒன்றுக்கொன்று ஆடி பிம்பம்). சிலவற்றில் மட்டும் மாறினால் டயாஸ்டீரியோமர்கள் (ஆடி பிம்பம் அல்லாதவை). ஈ, இசட் மட்டும் மாறினாலும் டயாஸ்டீரியோமர்களே. இனன்சியோமர்களுக்கு உருகுநிலை ஒன்று. இரண்டையும் சம அளவில் கலந்த சுழிமாய்க் கலவைக்கு வேறாக இருக்கலாம். (2ஆர்,3ஆர்) டார்டாரிக் அமிலம் ஏறத்தாழ 170 டிகிரியிலும் சுழிமாய் வடிவம் ஏறத்தாழ 206 டிகிரியிலும் உருகும்.

இந்தச் சுழிமாய் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைத்தான் 1848-இல் லூயி பாஸ்டர் படிகமாக்கி, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இரண்டு விதப் படிகங்களைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார். அந்த உப்பு அப்படித் தனித்தனிப் படிகமாவது சுமார் 27 டிகிரிக்குக் கீழேதான். சேலத்து மே மாதத்தில் செய்திருந்தால் பொறுக்க எதுவும் இருந்திருக்காது. மலைக்குத்தான் ஏறியிருக்க வேண்டும்.

கூட்டல் குறி, கழித்தல் குறி

ஆர், எஸ் நாம் விதிப்படி வைத்த பெயர். (+), (−) போலாரிமீட்டரில் தள முனைவுற்ற ஒளி எந்தப் பக்கம் திரும்பியது என்ற அளவீடு. ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்ல முடியாது. நம் தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் எஸ், வலஞ்சுழி (+). அதையே உப்பாக மாற்றினால், மையத்தில் ஒரு பிணைப்பும் உடையாமலேயே, இடஞ்சுழி (−) ஆகிவிடும். எழுத்து எஸ்தான், குறி மட்டும் மாறியது. ஆரஞ்சின் லிமோனீன் ஆர், (+). ஸ்பியர்மின்ட் புதினாவின் கார்வோன் ஆர், ஆனால் (−); நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பையின் கார்வோன் எஸ், (+). இவற்றின் வாசனையை மூக்கே பிரித்துச் சொல்லிவிடும்.

டி, எல் பிஷர் படத்தை வைத்துப் போடும் இன்னொரு தனிக் கணக்கு. சர்க்கரைக்கும் அமினோ அமிலத்துக்கும் மட்டும் இன்றும் புழங்குகிறது. புரதத்தில் வழக்கமாக வரும் எல்-அமினோ அமிலங்களில் சீர்மையற்ற மையம் கொண்டவை எல்லாம் எஸ், சிஸ்டீன் மட்டும் ஆர். காரணம் உங்களுக்கே தெரியும்: அதன் பக்கச் சங்கிலியில் (கந்தகம், ஹைட்ரஜன், ஹைட்ரஜன்), கார்பாக்சிலை முந்திவிடுகிறது.

ஜவ்வரிசியும் பருத்தியும்

சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி ஸ்டார்ச். தறியில் ஓடும் பருத்தி நூல் செல்லுலோஸ். இரண்டும் டி-குளுக்கோஸ் கோத்த சங்கிலிகளே. வளையமான குளுக்கோஸில் கார்பன் 1-இன் ஹைட்ராக்சில் இரண்டு விதமாக நிற்கலாம். ஆல்ஃபாவில் அந்தக் கார்பன் எஸ், பீட்டாவில் ஆர். மற்ற மையங்கள் அப்படியே. ஆல்ஃபாவில் கோத்தால் ஸ்டார்ச், பாயசத்தில் கரைந்து வயிற்றில் செரிக்கும். பீட்டாவில் கோத்தால் செல்லுலோஸ், நமக்குச் செரிக்காது, நெய்து உடுத்தலாம். பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது ஒன்றின்மேல் மற்றொன்றைப் பூசுகிறோம். ஆல்ஃபா குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்தால் ஒளிச்சுழற்சி +112 டிகிரியில் தொடங்கி இறங்கும். பீட்டாவைக் கரைத்தால் +19-இல் தொடங்கி ஏறும். இரண்டும் +53 அருகே வந்து நிற்கும். இரண்டும் (+) என்பதைக் கவனியுங்கள். டயாஸ்டீரியோமர்களுக்குக் குறி எதிராக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விடைத்தாளில் எழுதும் முறை

குறியீட்டை அடைப்புக்குறிக்குள், எண்ணோடு, பெயருக்கு முன்னால் எழுதி ஒரு சிறு கோடு: (2ஆர்,3ஆர்)-2,3-டைஹைட்ராக்சிபியூட்டேன்டையோயிக் அமிலம். ஒரே ஒரு மையம்தான், குழப்பம் வராது என்றால் எண் இல்லாமல் விடலாம்; நான் எப்போதும் போடச் சொல்வேன். பக்கத்திலேயே நான்கு தொகுதிகளின் வரிசையையும் எழுதிக் காட்டுங்கள். கடைசி எழுத்து தவறினாலும் திருத்துகிறவர் வரிசைக்கு மதிப்பெண் கொடுக்க இடம் இருக்கும்.

பயிற்சிக்கு இரண்டு. கார்வோனில், கீட்டோன் கார்பன் 1, மெத்தில் 2-இல், ஐசோபுரோப்பினைல் 5-இல், இரட்டைப் பிணைப்பு 2-க்கும் 3-க்கும் இடையே. கார்பன் 5-க்கு வரிசை போடுங்கள். ஐசோபுரோப்பினைல், கார்பன் 6, கார்பன் 4, ஹைட்ரஜன் என்று வர வேண்டும். 6-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் கிடைக்கிறது, 4-ஐத் தாண்டினால் கிடைக்கவில்லை. அடுத்து, காபிக்கொட்டையின் குளோரோஜெனிக் அமிலம். கஃபீனில் கிடைக்காத வேலை எல்லாம் இதில் உண்டு: வளையத்தில் நான்கு மையங்கள், வெளியே ஓர் இரட்டைப் பிணைப்பு. வளையத்தில் கார்பாக்சில் உள்ள கார்பன் 1 எஸ். 3, 4, 5 மூன்றும் ஆர். இரட்டைப் பிணைப்பு ஈ. உங்களுக்கு வேறாக வந்தால் சுற்றியதைத் திரும்பப் பார்ப்பதற்கு முன் அடைப்புக்குறிகளைத் திரும்பப் பாருங்கள்.